பின்சீட்டு சார்ஜண்ட்

— இப்பக் கண்ணைத் திறக்கலாமா?

— திறக்காதீங்க டெல்மர் அண்ணே! சித்தியோட ஒரு கால் இன்னும் வெளிய தொங்குது.

— காலைப் பாத்தா ஒண்ணுமில்ல தங்கச்சி. மாமியார் முகத்தைப் பாத்தாத்தான் கண்ணு அவிஞ்சு போகும்.

— காலுக்கு மேல போனா முகம்தானே வரும்? தொப்பியை இன்னும் கீழ இழுங்க. மூக்கு வரைக்கும். ஆங், அப்படியே இருங்க. சித்தி, ஏறிட்டீங்களா?

— ஏறிட்டேன் புள்ள. நடுவுல கம்பளியைக் கட்டு. இந்த மூலையில பாரு, ஆட்டுக்குட்டி நுழையற அளவுக்கு சந்து விட்டிருக்க. ராணுவத்துல இப்படிக் கட்டியிருந்தா உன் தோலை உரிச்சிருப்பேன்.

— என் கொடியில இருந்த துணிக் கிளிப்பு அத்தனையும் போட்டாச்சு சித்தி. என் பாவாடையெல்லாம் இந்நேரம் எந்த மலை மேல பறக்குதோ.

— ம். நடுக் கண்ணாடி?

— ஐயோ, கண்ணாடியை மறந்துட்டேன்! அண்ணே, அந்தக் கண்ணாடியைத் திருப்பி விடுங்க. கண்ணைத் திறக்காம திருப்புங்க.

— எங்க இருக்கு?

— அது என் காது. விடுங்க, வலிக்குது. இன்னும் மேல. ஆங், அதுதான். நல்லா கூரையைப் பாத்து திருப்புங்க. சரி, இப்பத் திறக்கலாம். ஆனா கழுத்து மட்டும் நேரா இருக்கணும். கல்யாண போட்டோவுக்கு நிக்கற மாதிரி.

— அப்படித்தான்னு வெச்சுக்கோ. ஆமா, பின்னாடி வண்டி வந்தா உனக்கு எப்படித் தெரியும்?

— இந்த மண் ரோட்டுல பின்னாடி என்னண்ணே வரும்? நாலு குதிரை வரும். அதுங்க ஓரமா போகும். கிளம்பலாமா?

— புள்ள, கிளம்பறதுக்கு முன்னாடி மாப்பிள்ளைகிட்ட கேளு. காலையில ஏதாச்சும் சாப்ட்டாரா?

— அண்ணே, சித்தி கேக்கறாங்க, காலையில சாப்ட்டீங்களான்னு.

— சாப்ட்டேன்னு சொல்லு.

— சித்தி, சாப்ட்டாராம்.

— பொய்யுன்னு சொல்லு. அவரு வீட்டுப் பக்கம் அடுப்புப் புகையே வரல. நான் பொழுது விடியறதுக்கு முன்னாடியே பாத்தேன்.

— அண்ணே, பொய்யாம்.

— புகையைப் பாக்கலாம், ஆளைப் பாக்கக்கூடாதான்னு கேளு.

— அதை நான் கேக்க மாட்டேன். எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு.

— கேட்டுது புள்ள. புகைக்கு முகம் கிடையாதுன்னு சொல்லு.

— ஏன் சித்தி, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறது ஒரு கம்பளி. கோட்டைச் சுவர் இல்ல. அவரு சொல்றது உங்களுக்குக் கேக்குது, நீங்க சொல்றது அவருக்குக் கேக்குது. நடுவுல நான் எதுக்கு?

— முறைன்னு ஒண்ணு இருக்கு. நம்மள்ல மாமியாரும் மாப்பிள்ளையும் பாத்துக்கறதும் இல்ல, நேருக்கு நேர் பேசிக்கறதும் இல்ல. அது மரியாதை. உங்கம்மா சொல்லித் தரலையா?

— இந்த அமெரிக்காவுல மத்த ஜனங்க எல்லாம் மாமியார்கூட நேரா நின்னு சண்டை போடுது. நம்ம நவஹோ ஜனங்கதான் சண்டைக்கும் ஆள் வெக்கறோம். என் தலையெழுத்து! ராணுவத்துல இருந்து வந்தவங்களுக்கு உதவி செய்யற சங்கம்னுதான் நான் வேலைக்குச் சேந்தேன். தண்ணி பீப்பா இறக்கறேன், விறகு இறக்கறேன், கூரை ஒழுகினா ஏறி அடைக்கறேன். தூது போகணும்னு ஒருத்தரும் சொல்லல.

— இன்னொரு வண்டி என்ன ஆச்சு தங்கச்சி? அவங்க அதுல போற மாதிரிதானே பேச்சு?

— அது அச்சு முறிஞ்சு ஓடைக்குள்ள படுத்திருக்குண்ணே. ரெண்டு பேருக்கும் இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில முறை. சித்திக்கு மூட்டு வலி, உங்களுக்கு மனசுக்குப் பாக்கற அந்தப் பேசற டாக்டர். சித்தியை விட்டுட்டுப் போனா மூட்டு என்னாகும், உங்களை விட்டுட்டுப் போனா குடும்பம் என்னாகும்? அதான் ஒரே வண்டியில போட்டுக்கிட்டேன். வீட்டுல எப்படித்தான் ரெண்டு பேரும் ஒரே வாசல்ல காலந்தள்ளறீங்களோ.

— அவங்க இடுப்புல மணி கட்டியிருக்காங்க. மணி கேட்டா நான் ஒளிஞ்சுக்கணும். பரவால்ல, பழகிடுச்சு. ஆனா ஒரு நாள் மணி கேட்டுச்சுன்னு கக்கூஸுக்குள்ள போய் உக்காந்துட்டேன். மணி போகவே இல்ல. கதவுக்கு வெளியவே நிக்குது. மாமியார் என்னமோ கோவமா இருக்காங்கன்னு மூச்சு விடாம உக்காந்திருக்கேன். மத்தியானம் வரைக்கும். கடைசியில கீழ குனிஞ்சு பாத்தா, ஆட்டோட கால்.

— ஆடா?

— புது மணி வாங்கிட்டு, பழைய மணியை ஆட்டுக்குக் கட்டிட்டாங்க. எனக்கு யாரும் சொல்லல.

— புள்ள, மாப்பிள்ளைகிட்ட சொல்லு. சொல்ல ஆள் அனுப்பினேன். ஆளைக் காணோம்னு திரும்பி வந்துட்டான். கக்கூஸ்ல யாருய்யா தேடுவா?

— அண்ணே, சொல்ல ஆள்... ஐயோ, முடியல, வயிறு வலிக்குது. ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. நான் வண்டி ஓட்டணும்.

— ரோட்டைப் பாத்து ஓட்டு தங்கச்சி.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். அண்ணே, சிரிப்பெல்லாம் இருக்கட்டும். இந்தத் தடவையாவது உள்ள போவீங்களா? போன தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு ஆட்டைக் கட்டாம வந்துட்டேன்னு திரும்பிட்டீங்க.

— ஆடு நெஜமாவே கட்டாமத்தான் இருந்துச்சு.

— அதுக்கு முந்தின தடவை?

— அதே ஆடு.

— கேளுங்க அண்ணே, இந்தத் தடவை ரோஸ்லின் அண்ணி சும்மா சொல்லல. குழந்தையைத் தூக்கிட்டு கேலப் டவுன்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்த டாக்டர்கிட்ட உக்காந்து பேசிட்டு வா, அப்புறம்தான் வருவேன்னு சொல்லிட்டாங்க. அந்தக் காலமா இருந்தா உங்க சேணத்தைத் தூக்கி வாசலுக்கு வெளிய வெச்சு, கிளம்புய்யான்னிருப்பாங்க. உங்ககிட்ட குதிரையும் இல்ல, சேணமும் இல்ல. வேற வழியில்லாம அவங்களே வெளிய போயிட்டாங்க.

— தெரியும் தங்கச்சி. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு.

— அதைவிடப் பெரிய கவலையா? என்ன?

— பாப்பா ஷாண்டீன் இன்னும் சிரிக்கல. ஆனா சிரிக்கற மாசம் இது. இன்னைக்கோ நாளைக்கோ சிரிச்சுடுவா. முதல்ல யார் சிரிக்க வெக்கறாங்களோ அவங்கதான் விருந்து போடணும். பாப்பா கையால எல்லாருக்கும் உப்புக் குடுக்க வெக்கணும். சிரிக்க வெச்சவங்க குணம்தான் பாப்பாவுக்கு வரும். அந்த வீட்டுல யார் இருக்கான்னு உனக்குத் தெரியும்ல?

— யாரு?

— லெலண்ட். என் சகலை. பழைய கார் விக்கறவன்.

— ஐயையோ!

— காலையில எழுந்து பல் விளக்கறப்பவே ஜோக் சொல்றவன். காதை ஆட்டுவான். தொப்புள்ல காசை நிக்க வெப்பான். என் பொண்ணோட முதல் சிரிப்பை அவன் தட்டிட்டுப் போயிட்டா, அவ வளந்து ஓட்டை காரை நல்ல காருன்னு விப்பா. நான் வாய் பொத்தி நிக்கணும்.

— புள்ள, மாப்பிள்ளைகிட்ட சொல்லு. அந்தக் கவலை எனக்கும் இருக்கு. லெலண்டு எனக்கும் மாப்பிள்ளைதான். அவனை நான் கண்ணால பாத்ததே இல்ல. அதுக்காக தினமும் நன்றி சொல்றேன்.

— அண்ணே, சித்திக்கும் அதே கவலையாம். ஐயோ! ஐயோ! பிடிச்சுக்கோங்க!

— என்ன ஆச்சு?

— ஓடை மணல்ல இறங்கிடுச்சு. நேத்து பேஞ்ச மழைக்கு அடியில எல்லாம் சேறு. சக்கரம் சும்மா சுத்துது, வண்டி நகரல. என் தலையெழுத்து, என் தலையெழுத்து!

— மிதிக்காதே புள்ள! மிதிக்க மிதிக்க உள்ள போகும். காலை எடு. அவ்வளவுதான். இப்ப நீ இறங்கு. மாப்பிள்ளையை இறங்கச் சொல்லு. ரெண்டு பேரும் பின்னாடி போய்த் தள்ளுங்க. ஸ்டியரிங்கை எங்கிட்ட குடு.

— உங்களுக்கு மூட்டு வலி சித்தி.

— மூட்டை வெச்சா ஓட்டப் போறேன்? வளைகுடாச் சண்டையில தண்ணி லாரி ஓட்டினவ நான். அங்க இதைவிடப் பொடி மணல். நகரு.

— அண்ணே, இறங்குங்க. தொப்பி மூக்கு வரைக்கும். இருங்க, தொப்பி பத்தாது. பின்னாடி நின்னு தள்ளினா கண்ணாடி வழியா சித்தி பின்மண்டை தெரியும். கம்பளியையே தலையில போட்டுக்கோங்க.

— மூச்சு முட்டுது தங்கச்சி.

— குருடாகறதுக்கு மூச்சு முட்டறது மேல். என் கையைப் பிடிங்க. இந்தப் பக்கம். இதுதான் வண்டியோட பின்பக்கம். கையை வெச்சுக்கோங்க. சித்தி, நாங்க ரெடி!

— புள்ள, மாப்பிள்ளைகிட்ட சொல்லு, நான் சொல்றப்ப மட்டும் தள்ளணும். சக்கரத்துக்கு நேரா நிக்கக் கூடாது.

— அண்ணே, சித்தி சொல்றப்ப...

— கேட்டுச்சு.

— சக்கரத்துக்கு நேரா...

— கேட்டுச்சுன்னு சொன்னேன்ல! த்தூ! வாயெல்லாம் சேறு!

— சொல்லி முடிக்கறதுக்குள்ள கியரைப் போட்டுட்டாங்கண்ணே, நான் என்ன பண்ண!

— இப்படி ஆள் வெச்சுப் பேசினா வேலைக்கு ஆகாது. புள்ள, நீ தள்ளி நில்லு. சிப்பாய்!

— யெஸ், சார்ஜண்ட்!

— அண்ணே! நேரா பதில் சொல்லிட்டீங்களே!

— ஐயோ! வாயில தானா வந்துடுச்சு தங்கச்சி. குரல் அப்படி.

— மாமியார் பேசல புள்ள. சார்ஜண்ட் பேசறா. நம்ம முறை மாமியாருக்குத்தான். ரேங்குக்கு இல்ல. சிப்பாய், உன் ரேங்க் என்ன?

— கார்ப்ரல், சார்ஜண்ட்!

— எனக்குக் கீழதான். சந்தோஷம். இடது பக்கம் நகரு. தோளைக் குடு, கையை இல்ல. நான் முன்ன பின்ன ஆட்டுவேன். முன்ன போறப்ப தள்ளு. பின்ன வர்றப்ப உயிரைக் காப்பாத்திக்கோ. புரியுதா?

— புரியுது, சார்ஜண்ட்!

— தள்ளு! விடு! தள்ளு! விடு! தள்ளு, தள்ளு, தள்ளு!

— ஏறிடுச்சு! சித்தி, ஏறிடுச்சு! நிறுத்திடாதீங்க, அந்தக் கரை வரைக்கும் போயிடுங்க! அப்பாடா. அண்ணே, வந்துடுங்க, முடிஞ்சுது. அண்ணே? அங்க எங்க போறீங்க?

— இன்னும் தள்ளணுமான்னு சார்ஜண்ட்கிட்ட கேளு. வண்டி இப்ப நகர மாட்டேங்குது.

— அது வண்டி இல்லண்ணே.

— சூடா இருக்கே?

— மாடு! ஓடையில தண்ணி குடிக்க வந்த மாடு! விடுங்க, அது திரும்பிப் பாக்குது! கம்பளியோட ஓடாதீங்க, விழுந்துடுவீங்க!

— புள்ள, மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு? எதுக்கு அப்படிச் சிரிக்கற?

— மாட்டைத் தள்ளிட்டு இருந்தாரு சித்தி. நல்லாத் தோளைக் குடுத்து.

— சொன்னபடி செய்யறவர்தான். அதைப் போய்ச் சொல்லு, நான் சொன்னேன்னு.

— அண்ணே, ஏறுங்க. சித்தி பின்சீட்டுக்குப் போயிட்டாங்க. கம்பளியைக் குடுங்க, மறுபடி கட்டறேன். இது கம்பளியா, சேத்துல புரண்ட ஆடா? சரி, கிளம்பறேன். இந்த மேட்டு மேல ஒரு நிமிஷம் நிக்கணும். போன்ல சிக்னல் கோடு இங்க மட்டும்தான் வரும்.

— ரோஸ்லின் ஏதாவது அனுப்பியிருக்காளான்னு பாரு தங்கச்சி.

— வருது, வருது. ஆமா, உங்க போனுக்கும் என் போனுக்கும் சேத்து அனுப்பியிருக்காங்க. படிக்கவா?

— படி.

— 'பாப்பா காலையில ஹெக்குன்னு ஒரு சத்தம் போட்டா. அத்தான் லெலண்ட் காதை ஆட்டிட்டு இருந்தாரு. இது சிரிப்புதான்னு குதிக்கறாரு. அக்கா விக்கல்னு சொல்றா. அவரு விருந்துக்கு ஆடு பிடிக்கக் கிளம்பிட்டாரு. வாசல்ல நின்னு தடுத்து வெச்சிருக்கோம்.'

— போச்சு. எல்லாம் போச்சு.

— விக்கல்! புள்ள, எழுது. அது விக்கல். நான் சொன்னேன்னு எழுது. சிரிச்சா வாய் திறக்கணும், கண்ணு சுருங்கணும், கை ஆடணும். வெறும் ஹெக்கு செல்லாது.

— எழுதிட்டேன் சித்தி. பதில் வந்துடுச்சு. 'கண்ணு சுருங்கல. விக்கல்தான்னு அக்காவும் அடிச்சுச் சொல்றா. அத்தான் கோவிச்சுக்கிட்டு காரைத் துடைக்கப் போயிட்டாரு. டெல்மர்கிட்ட சொல்லு, பாப்பா அவருக்காகத்தான் வெச்சிருக்கா. சீக்கிரம் பேசிட்டு வரச் சொல்லு.' அண்ணே? அண்ணே, அழறீங்களா?

— சேறு. கண்ணுல சேறு விழுந்திருக்கு.

— சரி, சேறுதான்.

— தங்கச்சி, நான் ஏன் ராத்திரி வாசல்ல கிடக்கற ஓடாத வண்டியில தூங்கறேன்னு உனக்குத் தெரியுமா?

— அண்ணி கொஞ்சம் சொன்னாங்க. நீங்க சொல்லுங்க.

— ஒரு நாள் ராத்திரி ஜெனரேட்டர் வெடிச்ச மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்னுச்சு. அவ்வளவுதான். எனக்கு அப்புறம் ஒண்ணும் தெரியல. கண்ணு முழிச்சப்ப நான் மேஜைக்கு அடியில கிடக்கறேன். பாப்பாவைத் தொட்டிலோட இழுத்து எனக்கு அடியில போட்டிருக்கேன். அவ மேல படுத்திருக்கேன் தங்கச்சி. ரோஸ்லின் என்னை இழுக்கறா, நான் விட மாட்டேங்கறேன். ஈராக்ல இருக்கறதா நினைச்சிட்டேன். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா? எனக்கு என்னைக் கண்டாலே பயமா இருக்கு. அதான் வண்டியில தூங்கறேன். டாக்டர் எதிர்ல உக்காந்து கண்ணைப் பாத்துக் கேப்பாரு. அந்தப் பார்வைக்கு முன்னாடி இதையெல்லாம் எப்படிச் சொல்றது?

— அண்ணே...

— புள்ள.

— சொல்லுங்க சித்தி.

— மாப்பிள்ளை சொன்னதை எங்கிட்ட நீ இன்னும் சொல்லல.

— உங்களுக்குத்தான் கேட்டிருக்குமே சித்தி.

— கேட்டுது.

— என்னால திருப்பிச் சொல்ல முடியாது சித்தி.

— சரி, விடு. ரோட்டைப் பாரு. மாப்பிள்ளைகிட்ட மட்டும் ஒண்ணு சொல்லு. குழந்தையை அடியில போட்டு மேல படுத்தவனை யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. குண்டு விழுந்திருந்தா அவர் முதுகுலதான் விழுந்திருக்கும்.

— அண்ணே, சித்தி சொல்றாங்க...

— கேட்டுச்சு தங்கச்சி. அவங்களுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு.

— வந்துட்டோம். அதோ ஆஸ்பத்திரி. எங்க நிறுத்தட்டும்?

— வாசலுக்கு நேரா நிறுத்தாதே புள்ள. அந்த எல்ம் மரத்துக்குக் கீழ போடு. மத்தியானம் வரைக்கும் நிழல் நகராது.

— சரி சித்தி. நிறுத்தியாச்சு. அண்ணே, நேரமாச்சு. இறங்கலாமா? அண்ணே?

— தங்கச்சி, எனக்கு என்னமோ ஆட்டை...

— ஆட்டைப் பத்திப் பேசினா நான் கத்திடுவேன்! உங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு ஆடு. அதை நான் காலையில கட்டிட்டுத்தான் வந்தேன். முடிச்சை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க.

— நல்லாத்தான் கட்டியிருக்க.

— அப்ப இறங்குங்க.

— கால் வர மாட்டேங்குது. நெஜமா சொல்றேன். இந்தக் கதவைப் பாத்தாலே திரும்பிடத் தோணுது. என்னைத் திட்டாதே. வீட்டுக்குக் கொண்டு போய் விட்டுடு. அவங்களுக்கு மூட்டு வைத்தியம் முடிஞ்சதும் போயிடலாம்.

— அண்ணே, இன்னைக்கு விட்டா அண்ணி வர மாட்டாங்க. லெலண்ட் அங்க காரைத் துடைச்சு முடிச்சிருப்பான், மறுபடி காதை ஆட்டுவான்! சித்தி, நீங்களாவது சொல்லுங்க. சார்ஜண்ட் குரல்ல சொல்லுங்க.

— ம். சொல்றேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லு, இங்க பயப்பட ஒண்ணுமில்ல. நிழல் நல்லாருக்கும். காவலாளி நல்லவன். கண்ணாடியைத் தட்டி, உதவி வேணுமான்னு கேப்பான். ஆளுக்காக நிக்கறேன்னு சொன்னா போயிடுவான். பத்து மணி வாக்குல ஒரு அம்மா வண்டியில ரொட்டியும் ஆட்டுக்கறியும் கொண்டு வரும். மிளகாய் தனியாக் கேளுங்க, இல்லன்னா அள்ளிப் போட்டுடும்.

— அண்ணே, கேட்டீங்களா, ஆட்டுக்கறி கூட இருக்காம். அப்புறம் சித்தி?

— அந்த வாசக் கதவு தானாத் திறக்கும். காத்தடிச்சாக் கூடச் சில சமயம் திறந்துக்கும். திறந்தா உள்ளேருந்து தரை துடைக்கற மருந்து வாசம் வரும். நீலச் சட்டை போட்ட ஒருத்தி மேஜைக்குப் பின்னாடி உக்காந்திருக்கா. சிரிச்ச முகம்.

— பாத்தீங்களா அண்ணே, சிரிச்ச முகம். அப்புறம்?

— அப்புறம் கதவு மூடிடும்.

— மூடட்டும். உள்ள போனா?

— அந்த ரொட்டி வண்டி வந்துடுச்சான்னு பாரு புள்ள.

— சித்தி? உள்ள போனா எந்தப் பக்கம் போகணும்? மூட்டுக்கு எங்க பாக்கறாங்க?

— மூட்டு நல்லாத்தான் இருக்கு புள்ள.

— என்னது?

— மூட்டுக்கு ஒண்ணுமில்ல. நானும் அந்தப் பேசற டாக்டர்கிட்ட போகத்தான் முறை வாங்கினேன். சண்டை முடிஞ்சு வந்ததுலேருந்து வாங்கிட்டுத்தான் இருக்கேன். வருவேன், இந்த மரத்தடியில நிறுத்துவேன், ஆட்டுக்கறி ரொட்டி திம்பேன், போயிடுவேன். இதுவரைக்கும் உள்ள போனதில்ல.

— சித்தி, நீங்களா? ஓடையில அந்த அதட்டு அதட்டினீங்களே!

— அதட்டறது சுலபம் புள்ள. எனக்கு பயமா இருக்கு. ரோஸ்லின் சின்னப் பொண்ணா இருந்தப்ப நானும் லாரியிலதான் தூங்குவேன். எங்கம்மாவுக்கு லாரின்னா ரொம்பப் பிடிக்கும்னு அவ பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சு பரிசு வாங்கினா. இந்த மாப்பிள்ளை வண்டியில படுக்க ஆரம்பிச்ச அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுது. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். மாமியார் பேசக் கூடாதுன்னு முறை இருக்கே, அது எனக்கு நல்ல சாக்காப் போச்சு. இதெல்லாம் மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். சொல்லிடாதே.

— சித்தி, நடுவுல கம்பளிதான் இருக்கு.

— தங்கச்சி, எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு.

— சித்தி, அண்ணனுக்கு ஒண்ணும் கேக்கலையாம்.

— மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான். வண்டியைத் திருப்பு. வீட்டுக்குப் போகலாம்.

— திருப்ப மாட்டேன். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு உக்காந்திருங்க, நானும் உக்காந்திருக்கேன். ஐயோ, எனக்கும் அழுகை வருது. அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க? கதவைத் திறந்துட்டீங்க... நில்லுங்க, காத்தாட நிக்கறதா இருந்தா இந்தப் பக்கம் நில்லுங்க, சித்தி முகம் தெரிஞ்சுடும்!

— நான் திரும்பிப் பாக்கல தங்கச்சி. சார்ஜண்ட்கிட்ட ஒண்ணு சொல்லிடு. தெரியாத இடத்துக்கு சார்ஜண்டை முதல்ல அனுப்பற வழக்கம் எந்தப் படையிலயும் கிடையாது, கீழ இருக்கற கார்ப்ரல்தான் முன்னாடி போகணும். நான் உள்ள போய் அந்த டாக்டர்கிட்ட உக்காந்து பேசிப் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்றேன், அவங்க அப்புறமா மெதுவா வரட்டும்.